ஊற்றச் சொன்ன கம்பி

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் 'போதும்' என்று சொன்னால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். முதல் 'போதும்' மரியாதைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது கூச்சத்தால் வருவது. மூன்றாவது தடவையும் சொல்லி, தட்டின் குறுக்கே கையையும் வைத்தால்தான் பரிமாறுகிறவர் கரண்டியை நிறுத்தி, நிஜமாகத்தான் சொல்கிறாளோ என்று யோசிப்பார். இதில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கரண்டியைக் கையில் எடுத்த பிறகு அம்மாவே தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நகர்ந்து உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த புத்தம்புது வண்டி ஒன்று ஏன் அந்தப் பாடு பட்டது என்று யாருக்கும் புரியாது.

2008-ஆம் வருஷம். நாங்கள் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். அப்பா தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். காலையில் பஸ்ஸில் போவேன், சாயங்காலம் பஸ்ஸில் வருவேன், இரண்டு தடவையும் நின்றுகொண்டே. அக்காவும் அவளுடைய நாலு வயது மகளும் எங்களோடு இருந்தார்கள், ஏனென்றால் அக்காவின் கணவர் துபாயில் இருந்தார்.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என் அப்பாவை மாமா என்று கூப்பிடுவார். ஆகவே எங்கள் வீட்டில் 'மாமா' என்று குரல் கொடுத்தால் இரண்டு தலைகள் திரும்பும். இது போதாதென்று குழந்தை என்னைப் பார்த்துப் பழகி, தன் சொந்த அப்பாவையே மாமா என்று கூப்பிட்டது. 'அப்பா' என்ற சொல்லை அது போனுக்கு ஒதுக்கி வைத்திருந்தது. செல்போன் அடித்தால் "அப்பா, அப்பா" என்று ஓடும். அந்த அப்பா லீவில் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், போன் அடித்தால் அவர் காலைத் தாண்டிக்கொண்டு போனுக்குத்தான் ஓடும். நாங்கள் சிரிப்போம். மாமாவும் சிரிப்பார். அக்கா மட்டும் ஏதோ அடுப்பில் இருப்பதுபோல உள்ளே போய்விடுவாள்.

மாமாவுக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். சுற்றிலும் கரும்பு, நெல், வரப்பெல்லாம் புல். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பாலைவனத்துக்குப் போய்ப் புல் வெட்டிய மனிதர் அவர். பெண் பார்க்க வந்தபோது சூப்பர்வைசர் என்றுதான் தரகர் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு மாமா ஒரு போட்டோ காட்டினார். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை, நடுவில் சின்ன டிராக்டர் மாதிரி ஒரு வண்டி, அதன் மேல் தொப்பி போட்டுக்கொண்டு மாமா. பெரிய பணக்காரர்கள் பந்து அடித்து விளையாடுகிற மைதானமாம். "சூப்பர்வைசர்னா யாரை மாமா சூப்பர்வைஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "புல்லைத்தான்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த வருஷம் லீவில் வந்தவர், திரும்பிப் போகாமல் இருக்க ஒரு வழி யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். இங்கேயும் காலேஜ், ஃபாக்டரி குவார்ட்டர்ஸ், கல்யாண மண்டபம் என்று எல்லோரும் புல்தரை போட ஆரம்பித்துவிட்டார்கள். வெட்ட ஆள் கிடைக்காமல் அது முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து பாம்பு குடியேறிவிடுகிறது. துபாயில் ஓட்டியது மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று வாங்கி, கடலூரில் இருந்து சிதம்பரம் வரைக்கும் எல்லோருக்கும் வெட்டிக்கொடுத்தால் என்ன? கையில் இருந்ததையெல்லாம் போட்டு அந்த வண்டியை வாங்குவது என்று முடிவு செய்தார். அக்காவிடம் மட்டும் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். பொங்கல் வரைக்கும் பழைய கம்பெனியில் அவர் இடத்தைக் காலியாக வைத்திருப்பார்கள். வண்டி நல்லபடியாக ஓடினால் இங்கேயே இருந்துவிடுவார். ஓடவில்லையென்றால் பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான்.

அக்கா தலையாட்டினாள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் எதையும் வாயால் சொல்கிற பெண் இல்லை, கையால் செய்கிறவள். எங்கள் வீட்டில் அதுதான் ஆபத்தான ரகம்.

வண்டி ஒரு குட்டியானை வேனில் ஏறி வந்தது. சிவப்பு நிறம், கறுப்பு சீட்டு, வயிற்றுக்குக் கீழே பிளேடு. தெருவே கூடிவிட்டது. வண்டியோடு வந்த கடைக்காரப் பையன் ஓட்டிக் காட்டப் புல்லைத் தேடினான். எங்கள் வீட்டில் புல் என்று இருந்தது தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கொஞ்சம் அருகம்புல், அதுவும் பிள்ளையாருக்கு. அம்மா அதைத் தொட விடவில்லை. அவன் வெறும் தெருவிலேயே இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினான். "புல்லு வெட்டறதுக்கா இவ்ளோ பெரிய வண்டி? ரெண்டு ஆடு வாங்கி விட்டிருந்தா மேஞ்சிட்டுப் போயிருக்கும், பாலும் குடுத்திருக்கும்" என்றாள் அம்மா. அவள் அதோடு விட்டாளா என்றால் இல்லை. சாயங்காலம் வரைக்கும் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரப் பையன் போவதற்கு முன்னால் ஒரு பெரிய எச்சரிக்கை கொடுத்தான். இன்ஜின் பக்கத்தில் ஒரு மூடியைத் திருகி, அதோடு வந்த நீளமான கம்பியை வெளியே இழுத்துக் காட்டினான். இதுதான் ஆயில் பார்க்கிற கம்பி, தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன்னால் இதை இழுத்துப் பார்க்க வேண்டும், ஆயில் குறைந்தால் இன்ஜின் செத்துப்போகும், அப்புறம் கம்பெனி பொறுப்பில்லை. 'செத்துப்போகும்' என்பதை அவன் அழுத்திச் சொன்னான். மாமா தலையாட்டினார். துபாயில் அவர் வேலை ஓட்டுவது மட்டும்தான். ஆயில் ஊற்றுவதற்கு வேறு ஆள், டயருக்குக் காற்றடிப்பதற்கு வேறு ஆள். இதை அவர் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. எங்களிடமும் அன்றைக்குச் சொல்லவில்லை. பையன் போனதும், பிளேடு இருக்கிற வண்டி, யாரும் கிட்டே போகக்கூடாது, தன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

முதல் சில வாரம் வண்டி ராஜாவாக ஓடியது. ஒரு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வெட்டினார், ஒரு கல்யாண மண்டபத்தில் வெட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் மாமாவுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அக்கா சீட்டைத் துடைத்து, முன்பக்கத்தில் பொட்டு வைத்து அனுப்புவாள். அம்மா மட்டும் வண்டி வீட்டில் நிற்கிற நாளில் அதன் தட்டையான இரும்பு முகப்பில் மோர்மிளகாயைக் காய வைத்தாள். வெயிலில் நன்றாகச் சுடுகிறது, ஆட்டைவிட இந்த விதத்தில் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

பிறகுதான் புகை ஆரம்பித்தது.

முதலில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் வெள்ளைப் புகை. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் மாமா. அப்புறம் அது நீலமாக மாறியது, ஓடும்போதெல்லாம் வர ஆரம்பித்தது. வண்டி நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. மாமா போனில் கடைக்காரரைக் கூப்பிட்டார். ஆயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள் என்றார்கள். குறையவில்லை என்றார். அப்படியென்றால் சென்னைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். புது வண்டியைச் சென்னைக்கு அனுப்பினால் பொங்கலுக்குள் திரும்பி வராது என்று மாமாவுக்குத் தெரியும். அதனால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் 'போதும்' என்று சொல்வது மட்டும் சீக்கிரமாக வர ஆரம்பித்தது. அக்கா வழக்கம்போல அதைக் காதில் வாங்கவில்லை.

டிசம்பரில் எங்கள் பள்ளி மைதானத்தை அவருக்குப் பேசி முடித்துக் கொடுத்தவள் நான்தான். மழை ஓய்ந்து புல் இடுப்பளவு நின்றது. ஜனவரியில் விளையாட்டு விழா. என் மாமா துபாயில் வேலை பார்த்தவர் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் நான் கொஞ்சம் அதிகமாகவே அளந்திருந்தேன். மாமா குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. கூடவே புகையும் கிளம்பியது. அது சாதாரணப் புகை இல்லை. மைதானத்தில் ஆரம்பித்து, ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு எல்லாம் கடந்து ஆபீஸ் அறை வரைக்கும் போயிற்று. கொசுமருந்து வண்டி வந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு புகைக்குள் ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். ஒரு டீச்சர் குடிதண்ணீர்ப் பானையை மூடச் சொன்னார். மைதானத்தில் பாதியைத் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அப்புறம் எவ்வளவு முயன்றும் எழுந்திருக்கவில்லை.

பாதி முகம் மட்டும் சவரம் செய்துகொண்ட ஆள் மாதிரி இருந்தது எங்கள் மைதானம். ஹெட்மிஸ்ட்ரஸ் கோபக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம். அரையாண்டு லீவு முடிவதற்குள் மீதியை வெட்டிவிட முடியுமா என்று மெல்லக் கேட்டார். முடியும் என்று மாமாவுக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு அன்று உட்கார இடம் கிடைத்தது. கிடைத்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை, வழியெல்லாம் அழுகையாக வந்தது.

அந்த வாரமே துபாயில் இருந்து ஏஜெண்ட் பேசினார். குழந்தை "அப்பா" என்று ஓடிப் போய்ப் போனை எடுத்து வந்து, அப்பாவிடமே கொடுத்தது. மாமா நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், பொங்கலுக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பீரோ மேல் இருந்த அவருடைய பெரிய சூட்கேஸைத் தூசி தட்டப்போன அம்மாவிடம், அக்கா சத்தம் போட்டாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தூசி இருந்தால் இருக்கட்டுமாம்.

அரையாண்டு லீவு வந்தது. மார்கழி என்பதால் வீட்டில் எல்லோரும் விடிவதற்குள் எழுந்துவிடுவார்கள், என்னைத் தவிர. லீவில் எட்டு மணி வரைக்கும் தூங்குவது என் உரிமை. அப்படி எழுந்து வந்து ஒரு நாள் காலையில் இட்லிக்கு உட்கார்ந்தேன். எனக்கு முன்னாலேயே அப்பா, மாமா, அக்கா மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா விரதம். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்துதான் அவளுக்குச் சாப்பாடு.

இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்து முதல் வாயைப் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல இருந்தது. தினமும் சிதம்பரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்து எனக்குப் பழகிய அந்த வாசனை, இட்லியோடு சேர்ந்து தொண்டையில் இறங்கியது. துப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

எங்கள் வீட்டில் உப்பு ஒரு கல் கூடினால் அப்பா அதைப் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசுவார். ரசத்தில் மிளகு சரியாக நுணுங்கவில்லை என்றால் அக்காவுக்கு முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். துபாயில் எதையும் தின்று பழகிய மாமாகூட எண்ணெய் காறினால் கண்டுபிடித்துவிடுவார். இந்த மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டைத் தொட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்கவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. அப்பா ஒரு வாயை மெல்லாமலேயே விழுங்கினார்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். நல்லெண்ணெய்த் தூக்கில் எண்ணெய் ஊற்றுகிற எங்கள் வீட்டுப் புனல், வழக்கமான ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன். கையோடு கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தேன். பள்ளியில் காப்பியடித்த பேப்பரைப் பிடித்தால் எப்படிக் கேட்பேனோ அதே குரலில், இந்தப் புனலை யார் வண்டிக்கு எடுத்தது என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார்கள்.

மூன்று பேரும். ஒரே நேரத்தில். அப்புறம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை ஒரு போட்டோ எடுத்து வைக்காமல் போனேனே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

விசாரணை நடந்தது. நடத்தியது நான்தான், இட்லியை மறந்துவிட்டு. அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். அவர் வருஷக்கணக்காக மொபட் வைத்திருந்தவர். இன்ஜின் என்றால் எண்ணெய் கேட்கும் என்பது அவருடைய சித்தாந்தம். மருமகனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாக ஒரு ஆயில் டப்பா வாங்கி, மொபட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, பால் வாங்கிவிட்டு வரும்போதெல்லாம் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். கம்பியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கம்பியை எதற்குப் பார்க்க வேண்டும் என்றார். "கொறைஞ்சாத்தான் கெட்டுடும்னு அந்தப் பையன் சொன்னான். ஜாஸ்தியானா என்ன கெட்டுது?"

மாமாவும் ஊற்றியிருக்கிறார். வண்டி அவருடையது, அதில் தப்பில்லை. ஆனால் புகை வருவதைப் பார்த்து ஆயில் எரிந்து தீர்கிறது என்று நினைத்து, அக்கா கண்ணில் படாமல், எரிந்ததை ஈடு கட்டியிருக்கிறார். புகை கூடக் கூட ஊற்றுவதும் கூடியிருக்கிறது. வண்டியில் கோளாறு என்று தெரிந்தால் அவள் பயந்துவிடுவாள் என்று அவருக்குக் கவலை.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் கோலம் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, தினமும் எல்லோருக்கும் முன்னால் ஊற்றியது அவள்தான்.

"நீ எதுக்கு ஊத்துன?" என்றார் மாமா.

"கம்பியை எடுத்துப் பாத்தேங்க. அதுல ஆட்னு போட்டிருந்துச்சு."

நான் போய்க் கம்பியை எடுத்துப் பார்க்கவில்லை, கடைக்காரப் பையன் காட்டிய அன்றைக்கே பார்த்திருந்தேன். அந்தக் கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள் உண்டு. மேல் கோட்டில் 'ஃபுல்', கீழ்க் கோட்டில் 'ஆட்'. ஆயில் கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் சேர்க்கவும் என்று அர்த்தம். அது இரும்பில் வெட்டிய எழுத்து. ஆயில் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இருக்கும். புது ஆயில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருப்பதால் கம்பியில் ஒட்டியிருப்பதே தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும். அக்கா ப்ளஸ் டூ வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டாமல் இங்கிலீஷ் வாசிப்பாள். கம்பி ஊற்று என்றது. ஊற்றினாள்.

"தெனமுமா ஆட்னு போட்டிருந்துச்சு?" என்றார் மாமா.

"தெனமுந்தாங்க போட்டிருந்துச்சு" என்றாள் அக்கா, அவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று புரியாமல்.

கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மா வாசற்படியில் இருந்து திரும்பினாள். "நான் அன்னிக்கே ஆடுன்னுதானே சொன்னேன்?" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாமாவுக்கும் உதடு துடித்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அவள் புனலைக் கையில் எடுத்து, அதன் ஓரத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

"அது நின்னுட்டா நீங்க கெளம்பிடுவீங்கன்னு ஊத்துனேன்" என்றாள். "ஒரு நாள் ஊத்தாம வுட்டு, அன்னிக்குப் பாத்து அது செத்துப்போச்சுன்னா?"

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அக்காவின் மீது எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு, ஏன் இவள் அவரை இரு என்று வாய் விட்டுக் கேட்கமாட்டேன் என்கிறாள் என்று. இத்தனை நாளும் விடியும் முன்னால் அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டது இன்ஜினிடம்.

மாமா கை கழுவக்கூட இல்லை. எழுந்து வண்டியிடம் போனார். கம்பியை இழுத்து, துணியால் நன்றாகத் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு எடுத்தார். இதுவரை யாருமே அதைத் துடைத்துவிட்டுப் பார்க்கவில்லை. கம்பி இந்த முறை 'ஃபுல்' கோட்டைத் தாண்டி, கைப்பிடி வரைக்கும் நனைந்து வந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நம்ம ஊர்ல ஃபுல் அடிச்சவன் எவன் நேரா நடந்தான்?" என்றார் மாமா. "இது மூணு பேரு ஊத்துனதையும் அடிச்சிட்டு சிதம்பரம் வரைக்கும் வந்து பாதி கிரவுண்டு வேற வெட்டியிருக்கு."

அடியில் இருந்த நட்டைத் திறந்துவிட்டார். அம்மாவின் பழைய குண்டான் ஒன்றைத்தான் அடியில் வைத்திருந்தோம். அது நிறைந்தது. வாளி வைத்தோம். விட்டால் போதும் என்று இருந்ததுபோல ஆயில் வந்துகொண்டே இருந்தது. ஏர் ஃபில்ட்டரைக் கழற்றினார், அதில் இருந்த பஞ்சு எண்ணெயில் ஊறி வடை மாதிரி இருந்தது. அக்கா அதை சோப்புப் போட்டு அலசி, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் காயப் போட்டாள். பிளக்கைத் துடைத்தார். அப்புறம் ஆயிலை அளந்து, கொஞ்சமாக ஊற்றி, கம்பியைத் துடைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மேல் கோட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டார். மூன்று பேர் கையும் டப்பாவை நோக்கித் தானாக நீண்டதை நான் பார்த்தேன். தட்டி விட்டேன்.

மறுநாள் வண்டியை சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். கூட நானும் போனேன், ஹெட்மிஸ்ட்ரஸிடம் முடியும் என்று சொன்ன வாய் என்னுடையது என்பதால். ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெரிய நீலப் புகை வந்தது. இன்ஜினுக்குள்ளே மிச்சம் இருந்த எண்ணெய் எரிகிறது என்று மாமா சைகை காட்டினார். முதல் சுற்று முடிவதற்குள் புகை மெலிந்தது. இரண்டாவது சுற்றில் காணாமல் போயிற்று. அப்புறம் வெட்டிய புல்லின் வாசனை மட்டும்தான். வாட்ச்மேன் ஏமாற்றத்தோடு, இன்றைக்குக் கொசுமருந்து இல்லையா என்று என்னிடம் கேட்டார்.

கடைசி வரிசையில் வந்துகொண்டிருந்தபோது மாமாவின் போன் அடித்தது. அதை என் கையில்தான் கொடுத்து வைத்திருந்தார். துபாய் ஏஜெண்ட். மாமா வண்டியை நிறுத்தினார். கையெல்லாம் கிரீஸ், அதனால் நானே போனை அவர் காதில் பிடித்தேன். அந்தப் பக்கம் என்னவோ நிறையச் சொன்னார்கள். மாமா வெட்டி முடித்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போதும்ணே" என்றார்.

எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் போனை அணைத்துவிட்டேன். அவர் கியரைப் போட்டு மீதியை வெட்டப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், அவள் முகத்தில் கவலைதான் வந்தது. "ஒரு தடவைதான் போதும்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"ஒரு தடவைதான்."

"அவுங்க மறுபடியும் கேட்டாங்களா?"

கேட்பதற்குள் நான் அணைத்துவிட்டேன் என்றேன். அக்கா நம்பவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் ஒரு 'போதும்' என்பது ஒன்றுமே இல்லை. இரண்டாவது தடவை கேட்டால் மனம் மாறும், மூன்றாவது தடவை கேட்டால் தட்டை நீட்டிவிடுவார்கள். எத்தனை பேரை அவளே அப்படி மாற்றியிருக்கிறாள். சாதம் வடிக்கும்போதும், அப்பளம் பொரிக்கும்போதும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பயந்தது சரிதான். பொழுது சாய்ந்து, மாமா குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. குழந்தை "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடி எடுத்து வந்தது. மாமா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். அவர் ஏதும் சொல்வதற்குள் அக்கா ஒரு கையில் ரசக்கரண்டியோடு, மறுகையால் குழந்தையிடம் இருந்து போனை வாங்கிவிட்டாள். எங்களோடு பேசும்போது அக்காவுக்கு ஒரு மென்மையான குரல் உண்டு. அது இல்லை இது.

"அவுரு போதும்னுட்டாருங்க" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. "இல்லீங்க, போதும்னா போதும்தான்" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. "அப்பாவாம்மா?"

"ராங் நம்பர்" என்றாள் அக்கா. கரண்டியால் மாமாவைக் காட்டினாள். "உங்கப்பா இங்க சாப்புட்டுக்கினு இருக்காரு."

அப்புறம் அதே கரண்டியை ரசத்தில் முக்கி அவர் பக்கம் திரும்பினாள். மாமா அவசரமாகத் தட்டின் மேல் கையை வைத்து, போதும், போதும், நிஜமாகவே போதும் என்றார். அக்கா அவர் விரல் இடுக்கில் ஊற்றினாள்.